கப்பல் என் கணினிக்குள் புகுந்த கிழமை

துறைமுகத்தில் வந்து நின்ற ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பல் என் மடிக்கணினிக்குள் புகுந்துவிட்டது என்று நான் முழுதாக இரண்டு நாட்கள் நம்பியிருந்தேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடலாம். என் மனைவி இன்னும் முடிக்கவில்லை.

என் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஒரு மேல்மாடி அறைதான் என் கடை. கல்யாண அழைப்பிதழ், சாமத்தியவீட்டுப் பதாகை, கோயில் விஞ்ஞாபனம், அந்தியேட்டி நினைவு மலர் என்று திருகோணமலையில் ஒரு மனிதருக்குத் தொட்டிலிலிருந்து சாம்பல் கரைக்கும் வரை அச்சில் வரவேண்டிய எல்லாவற்றையும் அங்கே இருந்து பக்கம் கோத்துக் கொடுக்கிறேன். கீழ்த்தளத்தில் அச்சகம். அது கிண்ணியாவிலிருந்து தினமும் பாலம் கடந்து வரும் என் கூட்டாளியுடையது. என் யன்னலைத் திறந்தால் ஒரு தண்ணீர்த் தாங்கிக்கும் ஒரு வேம்புக்கும் இடையில் துறைமுகம் ஒரு துண்டு தெரியும். செவ்வாய்க்கிழமை காலை அந்தத் துண்டை முழுதாக அடைத்துக்கொண்டு சாம்பல் நிறத்தில் ஒரு கப்பல் நின்றது. அதன் உச்சியில் வெள்ளைப் பூசணிக்காய் மாதிரி ஓர் உருண்டை. அது என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

நான் கணினியைத் திறந்தேன், செய்ய வேண்டிய மலரின் கோப்பைத் திறந்தேன், உடனே மடிக்கணினியின் விசிறி ஊளையிடத் தொடங்கியது. மவுஸை அசைத்தால் அம்புக்குறி யோசித்துவிட்டு நகர்ந்தது. ஒரு சொல்லைத் தட்டிவிட்டு, அது திரைக்கு வந்து சேருமுன் நான் எழுந்துபோய்க் கப்பலைப் பார்த்துவிட்டு வரக்கூடியதாக இருந்தது. பார்த்துவிட்டும் வந்தேன். முதல்நாள் வரை ஒழுங்காக இருந்த சாமான். முதல்நாள் வரை துறைமுகமும் வெறுமையாக இருந்தது. இரண்டையும் இரண்டையும் கூட்ட எனக்கு வேறு என்ன வேண்டும்?

பயந்ததற்குக் காரணம் கணினி இல்லை, கணினிக்குள் இருந்த மலர். அது என் சகலனுக்கு உரியது. மனைவியின் அக்காவைக் கட்டியவர், துறைமுகத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலை நெஞ்சு நோகுது என்று சொல்லிக்கொண்டு தானே ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. எங்கள் பக்கத்தில் அன்று சாப்பாடு முடிந்து கைகழுவும் ஆட்களின் கையில் நினைவு மலர் கொடுக்க வேண்டும். படம், தேவாரம், வம்சவழி, நாலுபேரின் அஞ்சலி, கடைசியில் நன்றி நவிலல். வெள்ளி ஜும்மாவுக்கு அச்சகம் பூட்டு, சனி முழுக்கத் தைப்பும் ஒட்டும் வேலை. ஆகவே வியாழன் பின்னேரத்துக்குள் பக்கங்கள் கீழே போயாக வேண்டும். ஊரில் எத்தனையோ பேரின் மலரை நேரத்துக்குக் கொடுத்தவன், சொந்தச் சகலனின் மலரைப் பிந்தவிட்டால் பிறகு இந்தத் தெருவில் கடை வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

அதோடு இந்த மலரில் வழக்கத்துக்கு மாறாக ஒரு விசயம் இருந்தது. என் சகலன் ஒரு வாழ்த்துப்பாக் கவிஞர். குடும்பத்தில் யாராவது கல்யாணம் கட்டினால், வீடு குடிபுகுந்தால், வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், மனிதர் எழுந்து நின்று தொண்டையைச் செருமுவார். நாங்கள் எல்லோரும் எங்கள் காலணிகளை ஆராயத் தொடங்குவோம். பாட்டு நீளம். எதுகைக்காக எதையும் செய்வார். என் கடை திறப்பு விழாவில் அவர் பாடிய முதல் இரண்டு வரி இது:

கடை திறந்தான் எங்கள் சகலன் – அவன்
கதை திறந்தால் மூடாத பகலன்.

இப்படி இன்னும் முப்பது வரி. அவருடைய பாட்டுகள் எல்லாவற்றையும் மலரில் போட வேண்டும் என்று அவர் மனைவி, என் மச்சாள், கேட்டிருந்தார். குறிப்பாக ஒன்றை. அதை அவரே வந்து சொல்லும் இடத்தில் எழுதுகிறேன்.

செவ்வாய் முழுவதும் நான் செய்தவற்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். முதலில் டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். கணினிக்குள் எந்த வேலை எவ்வளவு சீபியூவைத் தின்கிறது என்று காட்டும் பெட்டி அது. ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்தவன்தான் நான். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று நின்றது, மற்றவர்களுக்குச் சோற்றுப்பருக்கைகூட வைக்காமல் முழுச் சட்டியையும் தானே வழித்துக்கொண்டு. பெயர்ப் பத்தி ஒடுக்கமாக இருந்ததால் பெயர் முழுதாகத் தெரியவில்லை. ‘யூசர்மோட்’ என்று ஒரு சொல், அதன்பின் மூன்று புள்ளி. எனக்கு அந்த மூன்று புள்ளியே போதுமாக இருந்தது. ஒளிந்திருக்கிறவன்தானே முழுப்பெயர் சொல்லமாட்டான்.

வைஃபையை நிறுத்தினேன். விசிறி நிற்கவில்லை. ரவுட்டரையே சுவரிலிருந்து பிடுங்கினேன். விசிறி நிற்கவில்லை. சரி, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டான், இனிக் கதவைப் பூட்டி என்ன என்று நினைத்தேன். வைரஸ் தேடும் செயலியை ஓடவிட்டேன். அது தன் பங்குக்குச் சீபியூவைத் தின்று, கணினி கொதிக்கும் கேத்தல் மாதிரி ஆகி, மத்தியானம் தாண்டியபின் ஒன்றும் இல்லை என்று பச்சை நிறத்தில் அறிவித்தது. கெட்டிக்கார ஒற்றன் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன். கடைசியாக அந்த மூன்று புள்ளிக்காரனைத் தெரிவு செய்து, வேலையை முடி என்று கட்டளை கொடுத்தேன். முடித்தான். போகும்போது நான் பக்கம் கோக்கும் செயலியையும் கூட்டிக்கொண்டு போனான், அதற்குள் சேமிக்காமல் இருந்த வம்சவழிப் பக்கத்தையும். பிறகு செயலியைத் திறந்தால் அவன் எனக்கு முதலே உள்ளே வந்து குந்தியிருக்கிறான்.

சகலனின் பூட்டன் தொடக்கம் பேத்தி வரை வெருகல், கிளிவெட்டி, கனடா என்று பரந்து கிடந்த ஒரு மரத்தை நான் மறுபடியும் முதலிலிருந்து நட்டேன். ஒவ்வொரு பெயரும் திரைக்கு ஆறுதலாக வந்து சேர்ந்தது. நேரிலும் அந்தக் குடும்பத்தார் எதற்கும் அவசரப்படுகிறவர்கள் இல்லை.

கூட்டாளி பிளேன்ரீக் கோப்பையோடு படியேறி வந்தபோது நான் யன்னல் திரையை இழுத்து மூடியிருந்தேன். ஏன் என்று கேட்டார். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். மனிதர் கோப்பையை மேசையில் வைத்தார், சிரித்தால் சிந்தும் என்று.

“மச்சான், அவன் இவ்வளவு தூரம் எண்ணெய் எரிச்சு வந்தது ஒன்ட அந்தியேட்டி மலரை வாசிக்கவா?”

“வாசிச்சாலும் வாசிப்பான். என்ர பிழையளைப் பிடிக்க ஒரு கடற்படை தேவைதானே.”

“வியாழன் அசர் தொழுகைக்குப் பொறகு நான் மெசினைக் கழுவிப்போட்டுப் போயிருவன். அதுக்கு முந்தி அவனை வாசிச்சு முடிக்கச் சொல்லு” என்றுவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்குப் போயும் நிம்மதியில்லை. கணினியின் கமெராக் கண் நினைவுக்கு வந்தது. புதன் காலை குளியலறைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த மனைவியின் ஸ்ரிக்கர் பொட்டில் பெரியதாக ஒன்றைப் பிய்த்துக் கடைக்குக் கொண்டுபோய்க் கமெராவின் மேல் ஒட்டினேன். மனைவி தபால் கந்தோரில் வேலை. மத்தியானம் எனக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டு வந்தவர், நெற்றியில் குங்கும நிறப் பொட்டோடு குந்தியிருந்த மடிக்கணினியைக் கண்டார். அது சூடாகாமல் இருக்க நான் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் அதை ஏற்றி வைத்திருந்தேன். பக்கத்தில் மேசை விசிறி வேறு.

“இஞ்சேருங்கோ, கப்பலுக்கும் ஒரு பொட்டு வைச்சு விட்டிருக்கலாமே” என்றார். நான் சாப்பிடாமல் எழுந்துபோய் யன்னல் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்ப்பதைக் கண்டு, கப்பல் ஓடிவிடாது, முதலில் சோற்றைச் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சூடைமீன் பொரியலை வாசலுக்கு வந்த காகம் கொண்டுபோனதுகூட எனக்குத் தெரியாது. கீழே தெருவில் ஒரு மான் என் பழைய பதாகை மட்டையை மென்றுகொண்டு நின்றது. இந்தப் பட்டணத்துத் தெருக்களில் திரியும் மான்களுக்கு ஒரு கவலையும் இல்லை என்று பொறாமைப்பட்டேன்.

இடையில் ஒரு சந்தோசமும் வந்தது. கணினியை முழுதாக நிறுத்தி மீண்டும் இயக்கினேன். அமைதி. பாட்டுக் கேட்டேன், அமைதி. வங்கிக் கணக்குக்குக் கடவுச்சொல் மாற்றினேன், அமைதி. கப்பல்காரன் சோர்ந்து போய்விட்டான் என்று கூட்டாளிக்குக் கீழே குரல் கொடுத்தேன். பிறகு மலரைத் திறந்தேன். ஊளை. இதில் ஒரு செய்தி இருந்தது, பச்சைக் குழந்தைக்கும் விளங்கக்கூடிய செய்தி. ஆனால் ஊளை தொடங்கும் ஒவ்வொரு முறையும் நான் திரையைப் பார்க்கவில்லை, யன்னலைப் பார்த்தேன். கப்பலின் பூசணிக்காய் என் பக்கம் திரும்புகிறதா என்று பார்த்தேன். அது உருண்டை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்பதும் எனக்குத் தோன்றவில்லை.

அன்று பின்னேரம் மச்சாள் லிங்கநகரிலிருந்து ஓட்டோவில் வந்தார். முன்னட்டைக்கு எந்தப் படம் என்று முடிவு செய்து, இரண்டு படங்களைக் கைப்பையில் வைத்திருந்தார். அவர் மூதூர்ப் பக்கம் நெடுங்காலம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்து பிள்ளைப்பேறு பார்த்தவர். படி ஏறி வந்து மூச்சு வாங்கினார். சிரட்டையையும் பொட்டையும் மேசை விசிறியையும் ஒருமுறை பார்த்தார்.

“இதென்ன தம்பி, இதுக்கும் சாந்தி செய்யிறியளோ?”

கணினி மக்கர் பண்ணுகிறது என்று அவரிடம் சொல்லக்கூடாது என்று நான் முடிவு செய்திருந்தேன். இது புதுவகைக் குளிரூட்டல், கொழும்பில் எல்லாம் இப்போது சிரட்டைதான் என்று ஏதோ சொன்னேன். அவர் நம்பவில்லை, ஆனால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாட்டுகளைக் காட்டச் சொன்னார்.

காட்டினேன். பக்கம் வெள்ளையாக வந்து நின்றது. பிறகு ஒரு வரி. பிறகு பாதி வரி. மச்சாள் கடை திறப்புப் பாட்டைச் சத்தமாக வாசித்துவிட்டு, மூடாத பகலன் என்றது சரிதான் என்றார். நான் அடுத்த பக்கத்துக்குப் போக அழுத்தினேன். அதுதான் அவர் குறிப்பாகக் கேட்ட பாட்டு, அவருடைய ஓய்வுக்குச் சகலன் எழுதியது. இங்கே கணினி முற்றாகப் படுத்துவிட்டது. தலைப்பு மட்டும் வந்தது. நாங்கள் இருவரும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் கால் மேசைக்குக் கீழே தானாக ஆடிக்கொண்டிருந்தது.

அந்த ஓய்வு விழாவில் நானும் இருந்தேன். மூதூரில் ஒரு மண்டபம், டொக்டர்மார், தாதிமார், அவர் கையில் பிறந்து மீசை வைத்த பொடியன்கள். சகலன் எழுந்து தொண்டையைச் செருமி நாலு வரி வாசித்ததும் மச்சாள் முகம் சிவந்து, போதும் நிப்பாட்டுங்கோ என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மனிதர் சிரித்துக்கொண்டே தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு இருந்துவிட்டார். மண்டபமும் சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டே மச்சாள் சொன்னார்: “நான் நிப்பாட்டினது எல்லாருக்கும் தெரியும் தம்பி. மிச்சத்தை ஒருத்தரும் கேக்கேல்லை. ஞாயித்துக்கிழமை அதே ஆக்கள்தான் வருகினம். நான் எழும்பி முழுக்க வாசிக்கப் போறன். அவையின்ர கையிலையும் அது இருக்கோணும்.”

நான் பகிடி விடாமல் அந்தப் பாட்டின் பெயரை என் வேலைத்தாளில் முதலாவதாக எழுதிக்கொண்டேன். இது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை. வியாழன் பின்னேரம் வந்து பாருங்கோ அக்கா, எல்லாம் சரியாக இருக்கும் என்றேன். அவர் இரண்டு படங்களையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றில் சகலன் கம்பீரமாக இருந்தார், மற்றதில் வாய் முழுக்கச் சிரித்தார். இரண்டாவதின் பின்பக்கம் ‘இது’ என்று பென்சிலால் எழுதியிருந்தது.

வியாழன் காலை கடைக்கு ஓடி வந்து யன்னலைத் திறந்தேன். கப்பல் இல்லை.

தண்ணீர்த் தாங்கிக்கும் வேம்புக்கும் நடுவில் வெறும் நீலம். ஒரு வள்ளம் சும்மா மிதந்தது. எனக்குத் துள்ளலாம் போல இருந்தது. கணினியைத் திறந்தேன், மலரைத் திறந்தேன், விசிறி முன்னைவிட மோசமாக ஊளையிட்டது.

அந்த நேரத்தில் என் முகத்தைப் பார்க்க ஒருவரும் இல்லாதது நல்லது. எதிரி ஊரைவிட்டே போய்விட்டான், ஆனால் சண்டை நடக்கிறது. இரண்டு நாட்களாக நான் கட்டிய சதி முழுக்க ஒரு காலைக்காற்றில் கரைந்து, மிச்சமாக இருந்தது நானும் ஒரு சூடான சாமானும் பின்னேரத் தவணையும்தான். கொஞ்சநேரம் அறைக்குள் நடந்தேன். கூட்டாளியிடம் போய் வேறு யாரிடமாவது கணினி இரவல் வாங்கலாமா என்று கேட்டேன். மலர் முழுக்கச் சகலன் கொண்டுவந்த எழுத்துருவில் இருக்கிறது, அது வேறு கணினியில் இல்லை, திறந்தால் பாட்டெல்லாம் இங்கிலீசு எழுத்தும் காற்புள்ளியுமாகக் கிறுக்கலாக வரும் என்று நானே பதிலும் சொன்னேன். சொல்லிவிட்டுப் படியேறினேன். பாதிப் படியில் நின்றேன்.

எழுத்துரு.

இங்கே எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது கைத்தொலைபேசியில் தட்டும் தமிழ் எங்கே கொண்டுபோனாலும் தமிழாகவே இருக்கும். ஆனால் அச்சு வேலை செய்கிற நாங்களும், எங்களிடம் வருகிற பழைய ஆட்களும், பழைய எழுத்துருக்களை விடவில்லை. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால்தான் அது தமிழ். இல்லாவிட்டால் குப்பை. ஆகவே யாராவது தட்டச்சு செய்த கோப்பைக் கொண்டுவரும்போது, கல்யாண வீட்டுக்குச் சொந்தத் தட்டைக் கொண்டு போகிறவர் மாதிரி, எழுத்துருவையும் பென்ட்ரைவில் சேர்த்தே கொண்டுவருவார்கள். கேட்கத் தேவையில்லை, அது மரியாதை. நாங்களும் மறுக்காமல் வாங்கி ஏற்றிக்கொள்வோம், ஏற்கெனவே இருந்தாலும். என் சகலன் இந்த மரியாதையில் எல்லோரையும் மிஞ்சியவர். ஒவ்வொரு வாழ்த்துப்பாவுக்கும் புதிதாக ஒரு எழுத்துரு கொண்டுவருவார். “எழுத்தோடைதான் வந்தனான்” என்பார் படியேறும்போதே.

மேலே போய் டாஸ்க் மனேஜரைத் திறந்தேன். பெயர்ப் பத்தியின் ஓரக்கோட்டைப் பிடித்து அகலமாக இழுத்தேன். கைவிரல் ஒன்றின் ஓர் அசைவு. இரண்டு நாட்களாக நான் செய்யாதிருந்த ஒரே வேலை. மூன்று புள்ளிகள் போய் முழுப்பெயர் வந்தது. யூசர்மோட் ஃபொண்ட் டிரைவர் ஹோஸ்ட். ஒற்றன் இல்லை. எழுத்துருக்களைத் திறந்து, அவற்றின் வடிவங்களைத் திரையில் வரைந்து கொடுக்கும் கணினியின் சொந்த வேலைக்காரன். அவன் பாவம், ஏதோ ஒன்றை வரைய முடியாமல் இரண்டு நாளாக மூச்சிரைக்கிறான். நான் அவனுக்குப் பொட்டு வைத்து, சிரட்டையில் ஏற்றி, கழுத்தையும் திருகியிருக்கிறேன்.

எழுத்துருக் கோப்புறையைத் திறந்தேன். திறக்கவே வெகுநேரம் எடுத்தது. உள்ளே போனால், என் கடைக்கு வந்த ஒவ்வொரு மனிதரும் விட்டுப்போன மரியாதை அடுக்கடுக்காகக் கிடந்தது. ஆனால் அதில் பாதி ஒரே ஆளுடையது. சகலன் ஓய்வுக்குப் பிறகு எழுத்துருவைத் திருத்தும் ஒரு செயலியைப் பிடித்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும். ழானாவின் வால் அவருக்குத் திருப்தியாக இருந்ததேயில்லை. எல்லா எழுத்துருவிலும் அது வெட்டிவிட்ட மாதிரி இருக்கிறது, கையால் எழுதுவதுபோல் சுழித்து விழவேண்டும் என்று எனக்குப் பல பின்னேரங்கள் விளக்கியிருக்கிறார். நானும் தலையாட்டியிருக்கிறேன், கேட்காமல். இப்போது பார்த்தால், ஒரே எழுத்துருவை எடுத்து ஒவ்வொரு வைபவத்துக்கும் ஒருமுறை ழானாவின் வாலைக் கொஞ்சம் நீட்டி, வைபவத்தின் பெயரையே எழுத்துருவுக்கு வைத்திருக்கிறார். மகள் கல்யாணம். கடை திறப்பு. வீடு குடிபூரல். பேத்தி காதுகுத்து. ஒவ்வொன்றிலும் வால் முந்தியதைவிட நீளம். அத்தனையும் என் கணினியில்.

எதை எடுப்பது? எல்லாவற்றையும் எடுத்தால் மலரே கிறுக்கலாகிவிடும். எடுக்காமல் விட்டால் பக்கம் நகராது. நேரம் மத்தியானம் தாண்டிக்கொண்டிருந்தது, கீழே அச்சு மெசின் வேறு யாருடையதோ தாள்களைத் தள்ளும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் நின்றதும் எங்கள் முறை. சகலனுடைய எழுத்துருக்கள் முழுவதையும் வேறொரு கோப்புறைக்குப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக அகற்றத் தொடங்கினேன். ஒன்றை அகற்றுவது, மலரைத் திறப்பது, விசிறியைக் காதுகொடுத்துக் கேட்பது. கல்யாணம் போனது, ஊளை. கடை திறப்பு போனது, ஊளை. காதுகுத்துப் போனது, ஊளை. இடையில் கூட்டாளி கீழேயிருந்து கூப்பிட்டார், வரவா போகவா என்று. இருங்கோ என்று கத்தினேன். எழுந்தேன், இருந்தேன், மறுபடி எழுந்தேன். கடைசியில் ‘ஓய்வு’ என்று பெயர் வைத்த ஒன்றுதான் மிச்சம். மச்சாளின் பாட்டுக்குச் செய்தது. அதை அகற்றினேன்.

விசிறி நின்றது. எவ்வளவு அமைதி என்றால், தெருவில் மான் மட்டை மெல்லுவது கேட்டது.

நம்ப முடியாமல் அதைத் திரும்ப ஏற்றினேன். ஊளை. எடுத்தேன். அமைதி. இப்படி இன்னும் ஒருமுறை செய்து பார்த்தேன், பயத்தில் இல்லை, ருசியில். மற்ற எழுத்துருக்களில் ‘கடை திறப்பு’ என்ற ஒன்றை மட்டும் திருப்பி ஏற்றி, மலர் முழுவதையும் அதற்கு மாற்றினேன். வெள்ளையாக நின்ற பக்கம் ஒரே மூச்சில் நிறைந்தது.

மூதூர்க் கரையெல்லாம் முதல் அழுகை கேட்டவளே – வீட்டில்
மூத்த குழந்தை நான் அழுதாலும் கேட்பாயோ.

அது தொடக்கம்தான். கீழே இன்னும் நிறைய. வரிக்கு வரி ழானா. மனிதர் அந்த வாலைக் காட்டுவதற்கென்றே சொற்களைத் தெரிவு செய்திருக்கிறார் போல.

பக்கங்கள் கீழே போக ஆயத்தமான நேரத்தில் மச்சாள் வந்தார். பொட்டைக் கழற்றிவிட்டிருந்தேன், ஆனால் அதன் பசை கமெராவில் வட்டமாக இருந்தது. அவர் முதலில் தன் பாட்டைக் கேட்டார். மாதிரித் தாளைக் கையில் எடுத்து, கண்ணாடியைப் போட்டு, வாய்க்குள் வாசித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“ழானாவுக்கு வால் குறைஞ்சு போச்சு.”

அவர் அதைக் கவனித்திருந்தார் என்பது எனக்கு அதுவரை தெரியாது. சகலன் கைப்பட எழுதி, வீட்டில் அலுமாரிக்கு மேல் சட்டம் போட்டு வைத்த தாளில் வேறு மாதிரி இருக்கும் என்றார். நான் நடந்ததைச் சொன்னேன், கப்பலையும் சேர்த்து. அண்ணை கடைசியாகச் செய்த எழுத்தை ஏற்றினால் கணினி தாங்குதில்லை, விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு மலர் இல்லை என்றேன். அவர் தாளை மேசையில் வைத்துத் தடவினார்.

“அப்ப விடுங்கோ தம்பி. அவரையும் எங்கையாவது ஒரு இடத்திலை நிப்பாட்டத்தானே வேணும்.”

சொல்லிவிட்டு அவர்தான் முதலில் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார். கூட்டாளி படியில் நின்று, நான் மெசினைக் கழுவவா கொளுத்தவா என்று கேட்டார். பக்கங்களைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லிங்கநகர் வீட்டு முற்றத்தில் கொட்டகைக்குள் சாப்பாடு முடிந்து எல்லோரும் மலரைக் கையில் வைத்திருந்தபோது மச்சாள் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார். மூதூரிலிருந்து வந்தவர்கள் தங்கள் காலணிகளைப் பார்த்தார்கள், பழக்கதோசம். அவர் முழுப் பாட்டையும் வாசித்தார், நிறுத்தாமல். மூத்த குழந்தை என்ற இடத்தில் ஆட்கள் சிரித்தார்கள், கடைசியில் யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பக்கம் புரட்டும் சத்தம்தான் கேட்டது. என் மனைவி என் முழங்கையில் இடித்து, கால் ஆட்டுவதை நிறுத்தச் சொன்னார்.

அந்தக் கப்பல் எரிபொருளும் தண்ணீரும் ஏற்ற வந்ததாம். என் கணினிக்குள் யாரும் வரவில்லை. என் சகலன் திருத்திய எழுத்துருக்களில் கடைசியானது பழுதாக இருந்தது. திங்கள் பின்னேரம் பாட்டுகளைப் பக்கத்தில் சேர்ப்பதற்காக, அவர் தந்து என் மேசை லாச்சிக்குள் கிடந்த பென்ட்ரைவிலிருந்து அதை ஏற்றி, பாட்டுகளை ஒட்டிய கையோடு கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போனவன் நான்தான். மறுநாளிலிருந்து அந்தப் பாட்டு இருக்கும் கோப்பைத் திறந்த ஒவ்வொரு முறையும் கணினி அதன் ழானாவை வரைய முயன்று, முடியாமல், திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தது.